பள்ளத்தாக்கு எல்டர்பெர்ரி வண்டு: பெயர், தரம், எல்லை மூன்றையும் சரிபார்க்கும் வழி

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஏப்ரல் மாதம் ஆற்றோரம் நடந்தால் எல்டர்பெர்ரிப் புதர்கள் வெளிர்மஞ்சள் பூங்கொத்துகளோடு நிற்பதைப் பார்க்கலாம். மிக அரிதாக அதில் ஒரு நீள்கொம்பு வண்டு உட்கார்ந்திருக்கும். முதுகு சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம், அதன்மேல் நீளவாக்கில் நான்கு கரும்பச்சைப் புள்ளிகள். ஃபோட்டோ எடுத்தவர் எவரும் அடுத்துக் கேட்பது இதைத்தான்: சட்டப் பாதுகாப்பு உள்ள வண்டு இதுதானா?

விடை தேடி இறங்கினால் ஒரு பக்கம் இதைத் தனி இனம் என்று எழுதியிருப்பார்கள், இன்னொரு பக்கம் துணையினம், அதாவது ஓர் இனத்துக்குள் வரும் கிளை, என்று இருக்கும். ஒரு வரைபடத்தில் எல்லை பேக்கர்ஸ்ஃபீல்ட் வரை போகும், இன்னொன்றில் ஃப்ரெஸ்னோவோடு நின்றுவிடும். எதை நம்புவது என்று சொல்ல ஆளில்லாமல் இந்தத் தாள்களுக்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூச்சி பார்க்கத் தொடங்கியிருப்பவர்கள், சுற்றுச்சூழல் ஆய்வு வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், தங்கள் நிலத்தில் எல்டர்பெர்ரி இருக்கிறதே என்று கவலைப்படுபவர்கள் ஆகியோருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, எதை எந்த வரிசையில் செய்வது என்று எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெயர் என்ன, அது இனமா துணையினமா, எங்கே வாழ்கிறது என்பவை மூன்று தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆவணம் வேறு. ஒன்றின் விடையை எடுத்து இன்னொன்றை நிரூபிக்கப் போனால் எல்லாம் குழம்பிவிடும். இந்த வண்டைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான்.

1. முதலில் கையைத் தூர வையுங்கள்

இந்த வண்டை அமெரிக்க மத்திய அரசு 1980 ஆகஸ்ட் 8 அன்று அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்று பட்டியலிட்டது. பிடிப்பது, கொல்வது, சேகரிப்பது எல்லாமே அனுமதியில்லாமல் செய்தால் குற்றம். பலருக்கும் தெரியாத பகுதி வேறு ஒன்று: புழு தண்டுக்குள்ளே வாழ்கிறது, எனவே புழு இருக்கும் தண்டை வெட்டுவதும் வண்டுக்குத் தீங்கு செய்ததாகவே கணக்கு. "உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கிறேன்" என்று கிளையைப் பிளந்துவிடாதீர்கள்.

பொதுவழியில் நின்று பார்க்கவும் ஃபோட்டோ எடுக்கவும் அனுமதி எதுவும் தேவையில்லை. நூறில் தொண்ணூறு பேருக்கு அதுவே போதும்.

கையாள வேண்டிய ஆய்வு என்றால், அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவையிடம் இனமீட்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 3-200-59. கட்டணம் 100 டாலர், இருக்கும் அனுமதியைத் திருத்த அதில் பாதி. அனுப்பும் நாளன்று தொகையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது 90 நாள் முன்னதாக விண்ணப்பியுங்கள். வண்டு பறக்கும் பருவம் மார்ச்சில் தொடங்கிவிடுவதால் ஜனவரியில் படிவம் அனுப்பிவிட்டு அந்த வசந்தத்திலேயே வேலையைத் தொடங்கலாம் என்று நினைப்பது நடக்காத காரியம். முந்தைய இலையுதிர் காலத்திலேயே அனுப்புங்கள். இதோடு நிலத்தின் உரிமையாளர் அல்லது பூங்கா நிர்வாகம் தரும் எழுத்து அனுமதியும் தனியாக வேண்டும். ஒன்று கையில் இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

2. பெயரைத் துண்டுதுண்டாக வாசியுங்கள்

முழுப்பெயர் இப்படி இருக்கும்: டெஸ்மோசெரஸ் கலிஃபோர்னிகஸ் டைமார்ஃபஸ் ஃபிஷர், 1921.

முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம், மூன்றாவது துணையினம். கடைசியில் இருப்பது அந்த மூன்றாவது சொல்லை முதலில் வெளியிட்டவரின் பெயரும் ஆண்டும். விலங்குகளுக்கு நடுவில் "துணையினம்" என்ற குறிச்சொல் எதுவும் போட வேண்டியதில்லை, மூன்று சொல் வரிசையாக வந்தாலே பொருள் தெளிவு. தாவரங்களுக்கு அந்தக் குறிச்சொல் கட்டாயம். அதே அறிக்கையில் எல்டர்பெர்ரியின் பெயரையும் எழுத வேண்டியிருப்பதால் இரண்டு வழக்கத்தையும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடைப்புக்குறி விஷயம். ஃபிஷர் 1921-ல் இதை டெஸ்மோசெரஸ் டைமார்ஃபஸ் என்று தனி இனமாகத்தான் வெளியிட்டார். பிறகு வந்தவர்கள் அதை இறக்கி, ஹார்ன் 1881-ல் பெயரிட்டிருந்த கலிஃபோர்னிகஸ் இனத்துக்குக் கீழே துணையினமாக வைத்தார்கள். தரம் மாறியதே, அப்படியானால் ஆசிரியர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டாமா? வேண்டாம். பேரினம் மாறினால் மட்டும்தான் அடைப்புக்குறி. ஃபிஷர் முதலில் வைத்த பேரினமும் டெஸ்மோசெரஸ், இன்று இருப்பதும் டெஸ்மோசெரஸ். இனமாக இருந்தாலும் துணையினமாக இறங்கினாலும் பெயரின் ஆசிரியரும் ஆண்டும் அப்படியே தொடரும்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு: அட்லாண்டிக் கடற்கரை மணலில் ஓடும் வடகிழக்குக் கடற்கரைப் புலிவண்டு. தாமஸ் சே 1817-ல் அதை சிசின்டெலா என்ற பேரினத்தில் வைத்தார். இன்று பலர் அதை ஹாப்ரோசெலிமார்ஃபா பேரினத்துக்கு மாற்றி எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது சேயின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும், பழைய பேரினத்திலேயே எழுதினால் அடைப்புக்குறி வராது. இந்தச் சின்னக் குறியைப் பார்த்தே அந்தப் பெயர் இடம் மாறியதா இல்லையா என்று சொல்லிவிடலாம். மூலக் கட்டுரையைத் தேடும்போது எந்தப் பேரினப் பெயரில் தேடுவது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும்.

இன்னொரு பொறி. டைமார்ஃபஸ் துணையினமாக இறங்கிய அந்தக் கணமே, ஹார்ன் பெயரிட்ட, கடற்கரைப் பக்கம் வாழும் வண்டுக்கு டெஸ்மோசெரஸ் கலிஃபோர்னிகஸ் கலிஃபோர்னிகஸ் ஹார்ன், 1881 என்ற மூன்றுசொல் பெயர் தானாக வந்துவிட்டது. அதற்கென்று யாரும் தனியே கட்டுரை எழுதவில்லை, எனவே தேடினாலும் கிடைக்காது. ஆக, இரண்டு சொல்லோடு நிற்கும் "டெஸ்மோசெரஸ் கலிஃபோர்னிகஸ்" என்ற பெயர் இரண்டு துணையினங்களையும் சேர்த்துக் குறிக்கும். மூன்று சொல்லில் கலிஃபோர்னிகஸ் இரண்டு முறை வந்தால் கடற்கரை வண்டு மட்டும். அருங்காட்சியகத் தரவை இறக்கி வடிகட்டும்போது இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லா எண்ணிக்கையும் தப்பு.

விதிகளை நேரடியாகப் படிக்க விரும்பினால் விலங்கியல் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது அதுதான். முழுவதும் படிக்கத் தேவையில்லை, இனம் மற்றும் துணையினப் பெயர்கள் பற்றிய பகுதியும் ஆசிரியர் பெயர் பற்றிய பகுதியும் போதும்.

3. குடும்பத்தில் அதன் இடத்தை எழுதிக்கொள்ளுங்கள்

இது சுலபம். குடும்பம் செராம்பிசிடே, அதாவது நீள்கொம்பு வண்டுகள். அதற்குள் லெப்டூரினே என்ற துணைக்குடும்பம், அதற்குள் டெஸ்மோசெரினி என்ற குலம். டெஸ்மோசெரஸ் பேரினம் வட அமெரிக்காவுக்கே உரியது, மூன்றே இனங்கள், மூன்றும் எல்டர்பெர்ரியைச் சார்ந்தே வாழ்கின்றன. கிழக்கே பாலியேட்டஸ், மேற்கு மலைகளில் ஆரெய்பென்னிஸ், கலிஃபோர்னியாவின் தாழ்நிலத்தில் கலிஃபோர்னிகஸ்.

மலையில் இருக்கும் ஆரெய்பென்னிஸைக் கவனத்தில் வையுங்கள். அதன் ஆணுக்கும் முதுகு பொன்னிறமாக, ஆரஞ்சாக இருக்கும். சியெர்ரா நெவாடாவின் உயரத்தில் எடுத்த ஃபோட்டோவைப் பள்ளத்தாக்கு வண்டு என்று பதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. எந்த உயரத்தில் எடுத்தது என்று கேட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

4. மூல ஆவணங்களைச் சேருங்கள்

தேவையானவை நான்குதான்.

ஹார்னின் 1881 விவரிப்பும் ஃபிஷரின் 1921 விவரிப்பும் முதல் இரண்டு. இரண்டும் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணைய நூலகத்தில் பழைய ஆய்விதழ்களைப் பக்கம் பக்கமாக வருடி வைத்திருக்கிறார்கள், செலவு எதுவும் இல்லை. தேடும்போது ரோமன் எழுத்தில் பேரினப் பெயரும் ஆண்டும் கொடுங்கள். வருடிய பக்கங்களில் எழுத்துணரி மென்பொருள் பெயரைத் தவறாக வாசித்திருக்கும் என்பதால், இனப்பெயரைப் போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டுத் தொகுதியைத் திறந்து அதன் பின்னாலுள்ள சொல்லடைவைப் பாருங்கள்.

மூன்றாவது, லின்ஸ்லியும் செம்சாக்கும் 1972-ல் வெளியிட்ட லெப்டூரினே தொகுப்பு. இரண்டு துணையினங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு பார்க்க இதுதான் வசதி. இது இன்னும் பதிப்புரிமைக்குள் இருக்கும் காலத்தது. விலைக்கு வாங்க அலையாதீர்கள், பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கிறது. பொதுநூலக அட்டை வைத்திருந்தால் நூலகங்களுக்கு இடையிலான கடனில் கேளுங்கள். பெரும்பாலும் இலவசம், வந்து சேர ஓரிரு வாரம் ஆகலாம்.

நான்காவது அரசிதழ் அறிவிப்புகள். 1980 பட்டியல் சேர்ப்பு, 2012 நீக்க முன்மொழிவு, அந்த முன்மொழிவின் 2014 வாபஸ் ஆகிய மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் இலவசம். மூன்றில் 2014 அறிவிப்புதான் தங்கம். நீளமாக இருக்கும், சலிப்பாகவும் இருக்கும், ஆனாலும் பொறுமையாகப் படியுங்கள். வகைப்பாடு, அடையாளம், எல்லை மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எதற்கு என்ன ஆதாரம் என்று அதில்தான் விளக்கியிருக்கிறார்கள்.

மொத்தச் செலவு என்று பார்த்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றுக்கு மட்டும்தான் காசு தேவைப்படும்.

5. இனமா, துணையினமா: இதைத் தீர்மானிப்பது யார்?

பெயரிடல் விதித்தொகுப்பு தீர்மானிக்காது. இது புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு பெயர் செல்லுமா, எது முந்தியது, எப்படி எழுதுவது என்பதை மட்டும் அது சொல்லும். இரண்டு வண்டுக்கூட்டங்கள் ஒரே இனத்தின் இரு கிளைகளா, இரண்டு இனங்களா என்பது ஆய்வாளரின் முடிவு. அந்த முடிவை வெளியிடுகிறார்கள், மற்றவர்கள் ஏற்கிறார்கள் அல்லது மறுக்கிறார்கள். ஆகவே அறிக்கையில் "இது துணையினம்" என்று மொட்டையாக எழுதாமல் "இன்னார் இந்த ஆண்டு வெளியிட்ட வகைப்பாட்டின்படி துணையினம்" என்று எழுதும் பழக்கம் நல்லது.

இந்தத் தரம் ஏன் முக்கியம்? அமெரிக்கச் சட்டம் "இனம்" என்று சொல்லும்போது துணையினத்தையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு இன்னும் ஒரு படி கீழே போய், தனித்து நிற்கும் ஒரு உயிர்க்கூட்டத்தைக்கூடப் பட்டியலிடலாம். பூச்சிக்கு அந்த வசதி கிடையாது. பள்ளத்தாக்கு வண்டு துணையினம்கூட அல்ல, வெறும் நிறவேறுபாடு என்று நாளை உறுதியானால், பள்ளத்தாக்கில் உள்ளதை மட்டும் தனியாகப் பாதுகாக்கச் சட்டத்தில் இடமே இருக்காது. டைமார்ஃபஸ் என்ற மூன்றாவது சொல்லின் மேல்தான் சேக்ரமெண்டோவின் ஆற்றங்கரைப் புதர்கள் பலவற்றின் பாதுகாப்பு நிற்கிறது. அதனால்தான் இதை அலட்சியமாக எழுதக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

6. ஆணா பெண்ணா என்று முதலில் பாருங்கள்

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான்.

பள்ளத்தாக்குத் துணையினத்தின் வழக்கமான ஆணுக்கு முதுகை மூடும் கடினச் சிறகுகள் பெரும்பாலும் சிவப்பு ஆரஞ்சு. நான்கு நீள்வட்டக் கரும்புள்ளிகள் பளபளக்கும் பச்சைச் சாயலோடு இருக்கும். கடற்கரைத் துணையினத்தின் ஆணுக்கு முதுகு கறுத்து, ஓரத்தில் மட்டும் ஆரஞ்சுக் கரை ஓடும்.

பெண்கள்? இரண்டு துணையினத்திலும் பெண்ணுக்குக் கரும்பச்சை முதுகும் சிவந்த ஓரமும்தான். பெண்ணை மட்டும் பார்த்து எந்தத் துணையினம் என்று சொல்ல முடியாது. லென்ஸ் வைத்தாலும் முடியாது.

இதை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். கரும்பச்சை முதுகும் ஆரஞ்சுக் கரையுமாக ஒரு வண்டின் ஃபோட்டோ உங்களிடம் இருக்கிறது. அது பள்ளத்தாக்குப் பெண்ணாக இருக்கலாம், கடற்கரைப் பெண்ணாக இருக்கலாம், கடற்கரை ஆணாகவும் இருக்கலாம். எனவே நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாலினத்தை முடிவு செய்ய வேண்டும், அதற்கு உணர்கொம்பைப் பாருங்கள். ஆணுக்கு ஏறக்குறைய உடல் நீளத்துக்குக் கொம்பு இருக்கும், பெண்ணுக்கு அதைவிடக் குட்டை. பெண்ணின் உடலும் கொஞ்சம் பருத்துத் தெரியும்.

இதற்கு ஏற்றபடி ஃபோட்டோ எடுங்கள். நேர் மேலிருந்து ஒன்று, இரண்டு கொம்பும் நுனிவரை தெரிய வேண்டும். பக்கவாட்டில் ஒன்று. முன்மார்பும் தலையும் தெளிவாக ஒன்று. அப்புறம் புதர் முழுவதும் தெரிய ஒன்று, இலையும் பூங்கொத்தின் வடிவமும் தெரிய இன்னொன்று. கொம்பு நுனி சட்டகத்துக்கு வெளியே போன அழகான படத்தைவிட, கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் முழுக் கொம்பும் உள்ள படம்தான் நிபுணருக்குப் பயன்படும்.

ஆணாக இருந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. புள்ளிகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், சிலவற்றில் அவை அகன்று ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்பு அதிகமாகத் தெரியும். அப்படிப்பட்ட ஒரே ஒரு ஆணை வைத்து முடிவு சொல்லாதீர்கள். அதே இடத்தில் வேறு ஆண்களின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

காலம்: வளர்ந்த வண்டுகள் மார்ச் முதல் ஜூன், ஜூலை வரை வெளியே வரும், அதிலும் ஏப்ரலும் மே முதற்பாதியும்தான் நல்ல வாய்ப்பு. ஒவ்வொரு வண்டும் சில நாள் முதல் சில வாரம்வரைதான் உயிரோடு இருக்கும். வாழ்க்கையின் மீதிக்காலம், அதாவது ஓரிரு ஆண்டுகள், தண்டின் நடுச்சோற்றைத் தின்றுகொண்டு உள்ளேயே கழிகிறது. எல்டர்பெர்ரி பூக்கும் வாரத்தைத் தவறவிட்டால் அடுத்த வசந்தம்தான்.

7. தண்டில் உள்ள துளை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

வண்டைப் பார்ப்பது அபூர்வம் என்பதால் கள ஆய்வில் பெரும்பாலும் தேடுவது வெளியேறும் துளைகளைத்தான். வட்டமாக அல்லது சற்றே நீள்வட்டமாக, 7 முதல் 10 மில்லிமீட்டர் அகலம். தரைமட்டத்தில் ஒரு அங்குலமோ அதற்கு மேலோ பருமன் உள்ள தண்டுகளில்தான் தேட வேண்டும், மெல்லிய குருத்துகளில் நேரத்தைப் போக்காதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இலை உதிர்ந்து கிடக்கும்போது தேடினால் தண்டு நன்றாகத் தெரியும்.

துளை கிடைத்தால் அது ஒரு தடயம், அவ்வளவுதான். வேறு பூச்சிகளும் எல்டர்பெர்ரித் தண்டைத் துளைக்கும், மரங்கொத்தியும் கொத்தி வைக்கும். துளை எந்த ஆண்டில் விழுந்தது என்பதும் தெரியாது, காய்ந்த தண்டில் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு துணையினங்களும் ஒரே மாதிரித் துளைதான் போடும். துளையை வைத்து டைமார்ஃபஸ் என்று எழுதுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

துளையை ஃபோட்டோ எடுக்கும்போது மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டி வையுங்கள். நாணயம் வைத்து எடுப்பவர்கள் உண்டு, பிறகு அதை அளப்பது தலைவலி. துளைக்குள் குச்சியோ கம்பியோ விடாதீர்கள். புழு வெளியேறும் துளையை முன்கூட்டியே குடைந்து, தூளால் அடைத்துவிட்டு, திரும்ப உள்ளே போய்த்தான் கூட்டுப்புழுவாகிறது. அந்த அடைப்பைக் குத்தினால் உள்ளே இருப்பது செத்துவிடும்.

8. பரவல் வரைபடத்தை நம்பும் முன் அதன் தேதியைப் பாருங்கள்

வனவிலங்குச் சேவையின் 1999 வழிகாட்டு நெறிகள் மத்தியப் பள்ளத்தாக்கு முழுவதையும், அதை ஒட்டிய அடிவாரங்களில் கிழக்கே ஏறக்குறைய 3,000 அடி உயரம் வரையிலும் எல்லையாக எடுத்துக்கொண்டன. வடக்கே ரெட்டிங், தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்ட். இன்றும் பல வெப்சைட்டுகளிலும் பழைய அறிக்கைகளிலும் சுற்றிக்கொண்டிருப்பது இந்த வரைபடம்தான்.

2006-ல் ஒரு மறுஆய்வு, வண்டைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. பழைய காலத்தைவிட நிறைய இடங்களில் பதிவு இருக்கிறது என்பது அதற்கு முக்கியக் காரணம். 2012 அக்டோபரில் நீக்க முன்மொழிந்தார்கள். வெளி நிபுணர்கள் அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, கணிசமான பகுதி வெறும் துளையை மட்டும் வைத்துப் பதிவானது, சில பெண் வண்டுகளை வைத்து, சில மிகப் பழையவை என்று தெரியவந்தது. பள்ளத்தாக்கின் தென்முனையில் இருப்பது கடற்கரைத் துணையினமாக இருக்கக்கூடும் என்ற சந்தேகமும் வலுத்தது. 2014 செப்டம்பர் 17 அன்று முன்மொழிவைத் திரும்பப் பெற்றார்கள். அத்தோடு கணிக்கப்பட்ட எல்லையையும் சுருக்கினார்கள்: வடக்கே ஷாஸ்டா கவுண்டி, தெற்கே ஃப்ரெஸ்னோ கவுண்டி. 2017-ல் வந்த மதிப்பீட்டு வழிமுறை உயரத்தையும் பொதுவாக 500 அடிக்குள் வைத்தது.

இதில் என்ன நடந்திருக்கிறது என்று கவனியுங்கள். பள்ளத்தாக்கில் கிடைத்தது, ஆகவே அது பள்ளத்தாக்குத் துணையினம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. பிறகு அந்தப் பெயரோடு உள்ள பதிவுகளைச் சேர்த்து, பாருங்கள் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கிறது என்று வரைபடம் போட்டாகிவிட்டது. இடத்தை வைத்துப் பெயர், பெயரை வைத்து இடம். இந்த வட்டத்துக்குள் நீங்களும் விழாமல் இருக்க ஒரே வழி, ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்ப்பது. நான் செய்வது இப்படி: அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்த்து "ஆண்", "பெண்", "துளை மட்டும்", "தெரியவில்லை" என்று ஒவ்வொரு பதிவுக்கும் எழுதுவேன். "ஆண்" என்று இருப்பதை மட்டும் முதலில் வரைபடத்தில் போடுவேன். எல்லை எவ்வளவு சுருங்குகிறது என்று அப்போது தெரியும்.

பதிவுகள் எங்கே கிடைக்கும்? உலகப் பல்லுயிர்த் தரவு வலையமைப்பில் அருங்காட்சியக மாதிரிகளின் விவரம் இலவசம். பழைய சீட்டுகளில் "கலிஃபோர்னியா" அல்லது "சேக்ரமெண்டோ" என்று மட்டும் எழுதியிருக்கும். யாரோ பின்னாளில் அதற்கு ஒரு ஆயத்தொலைவைப் போட்டிருப்பார்கள், அந்தப் புள்ளி நகரத்தின் நடுவிலோ கவுண்டியின் நடுவிலோ விழுந்திருக்கும். துல்லிய எல்லை என்ற பத்தியைப் பார்க்காமல் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மாநில இயற்கைப் பன்மைத் தரவுத்தளத்தில் எந்தக் கவுண்டியில், எந்த வரைபடக் கட்டத்தில் பதிவு இருக்கிறது என்ற மேலோட்டமான தகவல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பதிவின் முழுவிவரமும் வேண்டுமென்றால் ஆண்டுச் சந்தா. தனிநபர் கட்டும் அளவுக்கு அவசியம் இருப்பது அபூர்வம், நிறுவனத்தில் வேலை செய்தால் அங்கே ஏற்கெனவே சந்தா இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் உள்ள பதிவுகளுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பாதுகாக்கப்பட்ட இனங்களின் இருப்பிடத்தை அது வேண்டுமென்றே மறைக்கும். புள்ளி அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் 0.2 பாகை கொண்ட கட்டத்துக்குள் எங்காவது போய் விழும். ஆற்றின் எந்தக் கரை என்ற அளவில் அதை வைத்துப் பேச முடியாது. இரண்டு, அங்கே துணையினப் பெயர் போடுபவர்களில் பலர் இடத்தைப் பார்த்தே போடுகிறார்கள். மேலே சொன்ன அதே வட்டம்.

9. புதரின் பெயரையும் சரிபாருங்கள்

நீல எல்டர்பெர்ரிக்கு ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறும். ஒன்றில் சாம்புக்கஸ் மெக்சிகானா, இன்னொன்றில் சாம்புக்கஸ் சீருலியா, மற்றொன்றில் சாம்புக்கஸ் நைக்ராவின் துணையினம். பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒரே செடிதான். மூன்றையும் வேறு வேறு செடி என்று எண்ணி, "இந்த வகையில் வண்டு இருக்காது" என்று முடிவு கட்டிப் புதரை வெட்டக் கொடுத்துவிடாதீர்கள். சிவப்பு எல்டர்பெர்ரி வேறு, அதன் பூங்கொத்து கூம்பு வடிவில் இருக்கும். நீல எல்டர்பெர்ரியின் கொத்து தட்டையாக விரியும்.

10. பதிவை எழுதி நிபுணருக்கு அனுப்புதல்

குறைந்தபட்சம் இவை வேண்டும்: தேதி, நேரம், ஆயத்தொலைவு, அதன் துல்லியம் எத்தனை மீட்டர், உயரம், புதரின் பெயர், பூத்திருந்ததா, பாலினம், அதை எதை வைத்துச் சொல்கிறீர்கள், எந்தெந்த ஃபோட்டோ.

பெயர் எழுதும் விதி எளிது. எல்லைக்குள் கிடைத்த, நான்கு புள்ளி தெளிவாகப் பிரிந்து தெரியும் ஆண் என்றால் மூன்று சொல்லும் எழுதுங்கள். பெண் மட்டும் என்றால் டெஸ்மோசெரஸ் கலிஃபோர்னிகஸ் என்று இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள். துளை மட்டும் என்றால் பெயரே எழுதாமல் "டெஸ்மோசெரஸ் துளையாக இருக்கலாம்" என்று குறியுங்கள். நிலம் சட்ட எல்லைக்குள் இருந்தால், பெயர் நிச்சயமில்லை என்பதால் பாதுகாப்பு விதிகள் பொருந்தாது என்று எண்ண வேண்டாம். அதை வனவிலங்குச் சேவையின் சேக்ரமெண்டோ அலுவலகம்தான் சொல்ல வேண்டும். கட்டுமானத் திட்டம் என்றால் வேலை தொடங்கப் பல மாதம் முன்பே அவர்களைக் கேளுங்கள். புதரைச் சுற்றி 165 அடிக்குள் நடக்கும் வேலைகளையே அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதால், புதரைத் தொடவில்லையே என்ற வாதம் எடுபடாது.

நிபுணர் கருத்துக்கு பெர்க்லியில் எசிக் அருங்காட்சியகம், டேவிஸில் போஹார்ட் அருங்காட்சியகம், சான் ஃப்ரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா அறிவியல் கழகம் ஆகியவை இருக்கின்றன. பழைய மாதிரிகளை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்குங்கள், என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அவர்களும் களத்தில் இருப்பார்கள். பதில் சீக்கிரம் வேண்டுமானால் குளிர்காலத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் ஐந்து நல்ல படங்களை மட்டும் இணையுங்கள், மீதியைக் கேட்டால் அனுப்பலாம்.

பதில் வந்து பெயர் மாறினால், பழைய பெயரை அழித்துவிடாமல் அதன் கீழே புதிய பெயர், சொன்னவர் பெயர், தேதி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அருங்காட்சியக ஊசிகளில் ஒரு சீட்டுக்குக் கீழே இன்னொரு சீட்டு குத்தி வைப்பது இதற்காகத்தான்.